இட்லி சாய்ந்தால், தோசை பிரிந்தால்: சாப்பாட்டு வேடங்களில் வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளையின் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வரும்: திங்கட்கிழமை மாறுவேடப் போட்டி, தலைப்பு ‘நம் உணவு’. வெள்ளி போய், சனி போய், ஞாயிறு ராத்திரிதான் பாதி வீடுகளில் கத்தரிக்கோலைத் தேடவே ஆரம்பிப்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். என் இரண்டு பிள்ளைகளுக்கும், அப்புறம் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் இட்லி, வடை, மசால் தோசை, தர்பூசணி, வெங்காயம், காபி டம்ளர் என்று செய்து கொடுத்திருக்கிறேன். முதல் தடவையிலேயே ஒழுங்காக வந்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

ஆகவே இதில் செய்முறை இல்லை. செய்யச் செய்ய ஏதோ ஒன்று கோணிக்கொள்ளுமே, அதற்குத்தான் இது. உங்களிடம் இருப்பது சார்ட் பேப்பர், அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ஸ்பாஞ்ச், ஃபோம் ஷீட், ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை, க்ளூ கன் என்று வைத்துக்கொள்கிறேன். கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

“நிலாவா? தலையணையா?” என்று கேட்கிறார்கள்

என் முதல் இட்லிக்கு நேர்ந்தது. ஓரம் மெலிந்து நடு உப்பி, அளவெல்லாம் சரியாகத்தான் வெட்டியிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “மேகமா வந்திருக்கியாடா தங்கம்?” என்று கேட்டார். பையன் முகம் விழுந்துவிட்டது.

வெறும் வெள்ளை வட்டத்தை யாரும் இட்லி என்று சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக்கு அடையாளம் கொடுப்பது அதன் துணைதான். வாழையிலை மேல் இரண்டு வெள்ளை வட்டம், பக்கத்தில் ஒரு குத்து சட்னி, ஒரு கிண்ணம் சாம்பார் என்று வையுங்கள். கடைசி வரிசையில் இருப்பவரும் சொல்லிவிடுவார். அதனால் இட்லியைப் பிரித்து மறுபடி வெட்டி உருட்டிக்கொண்டிருக்காதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, முதுகுப் பக்கம் பச்சை சார்ட் பேப்பரில் ஒரு இலையைக் கொடுங்கள். நடுநரம்பு வெளிர்பச்சையில் தடிப்பாக, பக்க நரம்புகள் அதிலிருந்து நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். மாவிலை போல வலைப்பின்னல் போட்டால் இலையும் கெட்டுவிடும்.

இரண்டாவது, நிறம். பளிச்சென்ற வெள்ளை மேடை விளக்கில் கண்ணைக் கூசும், தலையணை உறை மாதிரித் தெரியும். வெள்ளை பெயிண்டில் ஒரே ஒரு சொட்டு மஞ்சள் கலந்தால் புழுங்கலரிசி இட்லியின் நிறம் வந்துவிடும். தெர்மாகோலில் செய்த இட்லி என்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். துணி போட்டு வார்த்த இட்லியைப் புரட்டிப் பாருங்கள், நெசவு அப்படியே பதிந்திருக்கும். வெள்ளைப் பசையில் சாக்பீஸ் பொடியைத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்துப் பூசி, அரைகுறையாகக் காய்ந்ததும் ஈரத் துண்டை விரித்து அழுத்தி எடுங்கள். அந்த நெசவு வரும். ஸ்பாஞ்ச் இட்லியில் இது வேண்டாம். வளைந்தால் வெடித்து உதிரும்.

மிளகாய்ப் பொடிக்கு: ரவையில் ஆரஞ்சும் கொஞ்சம் பழுப்பும் போஸ்டர் கலர் கலந்து பிசிறி, நிழலில் காயவைத்து, பசை தடவிய இடத்தில் தூவுங்கள். அசல் போலவே இருக்கும். நிஜப் பொடியே இருக்கிறதே என்று எடுத்துத் தூவிவிடாதீர்கள். பிள்ளை அந்தக் கையால்தான் கண்ணைக் கசக்கும்.

தோசைக்கு இதே வியாதி வேறு விதமாக வரும்: சுருட்டிய பாய் போலத் தெரியும். ஒரே பழுப்பை வழுவழுவென்று பூசியதால் வருவது. கல்லிலிருந்து எடுத்த தோசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரண்டி நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே போன தடம் தெரியும். மாவு மெலிந்த இடம் சிவந்து, தடித்து நின்ற வரி வெளுத்து, ஓரம் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். முதலில் முழுவதும் வெளிர்மஞ்சள் பூசுங்கள். காய்ந்தபின், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, பழுப்பைத் தொட்டு, சுருள் வழியாகவே ஒற்றிக்கொண்டு போங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். சுருளின் இரண்டு முனையிலும் மஞ்சள் ஸ்பாஞ்சைப் பிய்த்துத் திணித்தால் உருளைக்கிழங்கு மசால். நடுவே பச்சை மிளகாய்க்கு ஒரு துண்டு பச்சை ஃபோம். இத்தனைக்கும் பிறகு அதைப் பாய் என்பவர் வேண்டுமென்றே சொல்கிறார்.

தர்பூசணிக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது. முதல் தடவை செய்பவருக்கு அதைத்தான் சொல்வேன்.

தெர்மாகோல் கரைந்து குழி விழுகிறது

பெயிண்ட் அடித்த இடத்தில் ‘சர்ர்’ என்று சத்தம், கண்ணெதிரே பள்ளம். ஸ்பிரே பெயிண்ட் அடித்திருப்பீர்கள். இல்லையென்றால் செருப்புத் தைப்பவர்களும் தச்சர்களும் தடவும் மஞ்சள் ரப்பர் பசையைப் போட்டிருப்பீர்கள். தெர்மாகோல் என்பது காற்றை ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரீன். அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் எல்லாம் அந்த மெல்லிய பிளாஸ்டிக் சுவரைக் கரைத்துவிடும். சுவர் போனால் காற்றும் போயிற்று. கைப்பிடி உயரம் இருந்தது விரல் கனமாகிவிடும். ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை ஒரு சொட்டு விட்டாலும் இதே கதைதான்.

கரைந்த இடத்தை மீட்க முடியாது, மூடலாம். குழிக்குள் டிஷ்யூ பேப்பரை வெள்ளைப் பசையில் நனைத்துத் திணித்து, மேலே அதே பேப்பரில் இரண்டு பூச்சு போட்டுக் காயவிடுங்கள். பிறகு தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் மட்டும்: அக்ரிலிக், போஸ்டர் கலர், வீட்டுச் சுவருக்கு அடித்து மிச்சமிருக்கும் எமல்ஷன், எதுவும் ஆகும். ஸ்பிரேதான் வேண்டும் என்றால் முதலில் வெள்ளைப் பசையால் இடைவெளியே இல்லாமல் இரண்டு பூச்சு பூசி, நன்றாகக் காயவைத்து, தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். ஊசிமுனை இடம் விட்டுப்போயிருந்தாலும் அங்கே குழி விழும்.

க்ளூ கன்னும் சுடும். நுனியிலிருந்து வரும் பசையைத் தெர்மாகோல் மேல் நேரே பிழியாமல், அட்டையிலோ துணியிலோ பிழிந்து, ஐந்தாறு எண்ணி, அப்புறம் அதைத் தெர்மாகோலில் அமுக்குங்கள். துணி பருத்தியாக இருந்தால் அதன்மேல் உடனடிப் பசை விடாதீர்கள். பருத்தியோடு அது சேர்ந்தால் சட்டென்று சூடேறி, சில சமயம் புகையே வரும். பிள்ளை உடம்பில் மாட்டியிருக்கும்போது அவசரத்துக்கு அப்படி ஒட்டவே கூடாது.

வெட்டும்போது மணி மணியாக உதிர்ந்து கையெல்லாம் ஒட்டிக்கொள்கிறதா? கத்தி மழுங்கிவிட்டது. கட்டரின் நுனியை உடைத்துப் புது முனையால் இழுங்கள். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் ஊர் முழுக்கப் பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

பசை மேலே காய்ந்திருக்கிறது, தொட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது

ஞாயிறு ராத்திரிக்கே உரிய கோளாறு. வெள்ளைப் பசை காய்வதென்றால் அதிலிருக்கும் தண்ணீர் வெளியேறுவது. காகிதத்தோடு காகிதம், துணியோடு அட்டை என்றால் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். ஃபோம் ஷீட் மேல் ஃபோம் ஷீட், தெர்மாகோல் மேல் தெர்மாகோல் என்று ஒட்டினால் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. ஓரம் காய்ந்து மூடிக்கொள்ளும், நடு இரண்டு நாளானாலும் தயிர் மாதிரி இருக்கும். ஃபேன், வெயில் எதுவும் உதவாது.

பிரித்துத் துடைத்துவிட்டு வழியை மாற்றுங்கள். ஃபோமோடு ஃபோம் என்றால் க்ளூ கன் அல்லது மஞ்சள் ரப்பர் பசை. ரப்பர் பசையில் பலரும் செய்யும் தப்பு, தடவிய உடனே ஒட்டுவது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்கு வந்த பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது, ஆகவே முன்னாலேயே பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தெர்மாகோலோடு தெர்மாகோல் என்றால் பல்குத்தும் குச்சி நாலைந்தைச் செருகி, நடுவில் பசையைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். பிடிப்பு குச்சியிலிருந்து வரும், பசை மெதுவாகக் காயட்டும். குச்சி முனை உடம்புப் பக்கம் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

க்ளூ கன்னில் ஒட்டியதெல்லாம் காலையில் காரிலிருந்து இறங்கும்போது தனித்தனியாக வருகிறது என்றால், வெயிலில் மூடிய காரில் வைத்திருந்திருப்பீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பசை சூட்டில் இளகத்தானே செய்யும்.

அட்டை வளையாமல் மடிந்து உடைகிறது

டம்ளர், ஐஸ்கிரீம் கோன், பாயசக் கிண்ணம் என்று வளைவான எதைச் செய்தாலும் வரும். அட்டைப்பெட்டிக் காகிதத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள். அந்த அலையின் குழாய்கள் ஒரே திசையில் ஓடும். டம்ளரை நிற்க வைத்தால் குழாய்களும் நிற்க வேண்டும். அப்படி வெட்டினால் பனையோலைத் தடுக்கு போலச் சுருளும். குழாய் படுத்திருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் ‘படக்’கென்று மடியும். ஏற்கெனவே தப்பாக வெட்டியாகிவிட்டதா? உள்பக்கத் தாளை ஈரப்படுத்தி உரித்து எடுத்துவிடுங்கள். அலையும் வெளித்தாளும் மட்டும் மிஞ்சும், முன்னைவிட எளிதாக வளையும்.

சுற்றளவு போதாமல் போவது இதன் தம்பி. குறுக்களவை 3.14-ஆல் பெருக்கி, ஒட்டுக்கு நாலு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. குறுக்களவுள்ள டம்ளருக்கு 126, ஒட்டோடு 130 செ.மீ. கடையில் கிடைக்கும் முழு சார்ட் பேப்பரின் நீளப் பக்கம் 71 செ.மீ.தான், ஆக இரண்டு வேண்டும். இந்தக் கணக்கு ராத்திரி பத்து மணிக்குத் தெரியவந்தால் பயனில்லை, கடை மூடியிருக்கும்.

பலூன் மேல் ஒட்டிய பேப்பர் நசுங்கிவிட்டது

வெங்காயம், கத்தரிக்காய், லட்டு செய்பவர்களுக்கு. பேப்பர் இறுகுவதற்கு முன்னால் பலூன் காற்றை விட்டுவிடுகிறது. ராத்திரி குளிர்ந்தாலே கொஞ்சம் சுருங்கும். ஒரே மூச்சில் ஆறு அடுக்கு ஒட்டினால் உள்ளடுக்கு காய ரொம்ப நேரமாகும், அதற்குள் பலூன் சோர்ந்துவிடும். முதலில் இரண்டே அடுக்கு, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாகக் கிழித்து. கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், கிழித்த ஓரம் படியும். அது முரசு போல ஒலி கொடுக்கும் அளவுக்குக் காய்ந்தபின் அடுத்த இரண்டு. நசுங்கியதைச் சரிசெய்ய, உள்ளே இன்னொரு பலூனை நுழைத்து ஊதி, நசுங்கிய இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து இளக்கி, வெளியே இரண்டு அடுக்கு போடுங்கள். பாதி நேரம் தப்பிவிடும்.

மைதாப் பசை காய்ச்சினால் ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளை போடும் பொருளில் வேண்டாம்.

பெயிண்ட் உதிர்கிறது, சார்ட் பேப்பர் சுருள்கிறது

ஃபோம் ஷீட்டில் போஸ்டர் கலர் காய்ந்து, வளைத்ததும் பொருக்குத் தட்டி விழும். நாலு ஸ்பூன் கலருக்கு ஒரு ஸ்பூன் வெள்ளைப் பசை கலந்தால் அடங்கும். ஏற்கெனவே அடித்ததன் மேல் தண்ணீர் கலந்த பசையை ஒரு கை பூசினாலும் போதும், கொஞ்சம் பளபளப்பு வரும். நெய் தோசைக்கு அந்தப் பளபளப்பு நல்லதுதான்.

ஸ்பாஞ்ச் வேறு ரகம். எவ்வளவு பெயிண்ட் கொடுத்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும், அப்புறம் கனத்துத் தொங்கும், காலையில் கசக்கினால் நிறம் கையில் வரும். பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து முதலில் மேல்பூச்சாக அடைத்துவிட்டுத்தான் நிறத்துக்குப் போக வேண்டும். கூடியமட்டும் நிறமுள்ள ஸ்பாஞ்சாகவே வாங்கிவிடுங்கள். மெத்தை தைக்கும் கடையில் அரை அங்குலக் கனத்தில் கிடைக்கும்.

சார்ட் பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் ஈரத்தில் ஒரு பக்கம் விரிந்து, காயும்போது இழுத்துச் சுருள்கிறது. பின்பக்கம் வெறும் தண்ணீரால் ஒரு கை தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ராத்திரி முழுக்க வையுங்கள்.

முன்தட்டு தொங்குகிறது, பின்பக்கம் கழுத்தை இறுக்குகிறது

வடை, இட்லி, ஊத்தப்பம் போன்ற தட்டையான வேடங்களுக்கு முன்னொரு தட்டு, பின்னொரு தட்டு, தோளில் இரண்டு வார் என்பது நல்ல வழி. ஆனால் சட்னி, சாம்பார், இலை எல்லாவற்றையும் முன்னால் ஒட்டிவிடுகிறோம். முன்பாரம் இழுக்க, வார் பின்கழுத்துக்கு ஏறிவிடும். பிள்ளை ஒரு கையால் வடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

பின்தட்டில் பழைய நோட்டு அட்டை இரண்டைச் சேர்த்து ஒட்டினால் பாரம் சமமாகும். அதைவிட முக்கியம், இடுப்பில் இரண்டு பக்கமும் எலாஸ்டிக் போட்டு முன்தட்டையும் பின்தட்டையும் இணைப்பது. அது இல்லாமல் எந்த வார் வைத்தாலும் ஆடும். வாரை ரிப்பனில் போடாதீர்கள், தோளை அறுக்கும். நாலு செ.மீ. அகலத்துக்குப் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துத் தைத்தால் போதும். வார் தட்டோடு சேரும் இடத்தில் பசையை மட்டும் நம்பாமல் துளை போட்டு, உள்ளே ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்துவிடுங்கள். பொத்தான் இல்லாமல் தைத்தால் நூல் அட்டையை வாள் மாதிரி அறுத்துக்கொண்டு வரும்.

தலையில் வைத்தது சரிகிறது

உயரமாக வைத்துவிட்டீர்கள். தக்காளிக் காம்பு, ஐஸ்கிரீம் மேல் செர்ரி, வெங்காயத்தாள் எல்லாம் ஒரு சாண் உயரத்தைத் தாண்டினால் பிள்ளை குனிந்து வணக்கம் சொல்லும்போது முன்னால் வந்து விழும். ஹேர்பேண்டில் ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு, தலையை மூடும் துணித் தொப்பி ஒன்றில் நாலு பக்கமும் தைத்துவிடுங்கள். தாடைக்குக் கீழே எலாஸ்டிக் இரண்டு விரல் நுழையும் தளர்வில் இருக்கட்டும். காதில் மாட்டுவது வேண்டாம், அரை மணியில் சிவந்துவிடும்.

நடக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, ஒன்றுக்குப் போக முடியவில்லை

வீட்டில் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பார்த்திருப்பீர்கள், அருமையாக இருந்திருக்கும். பள்ளியில் அந்தப் பிள்ளை தன் முறை வரும்வரை ஒரு மணி நேரமாவது பெஞ்சில் உட்கார வேண்டும், மேடைப் படி ஏற வேண்டும், நடுவே ‘மிஸ், பாத்ரூம்’ என்று கேட்கும். அதை யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை.

கீழ் ஓரம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே முடிய வேண்டும். டம்ளர் முழங்காலுக்குக் கீழே போனால் பிள்ளை புறா மாதிரித்தான் நடக்கும். ஒட்டியாகிவிட்டதா? யோசிக்காமல் கீழிருந்து வெட்டுங்கள். டம்ளர் குட்டையானதை யாரும் கவனிக்கப் போவதில்லை, பிள்ளை விழுந்தால்தான் கவனிப்பார்கள். குழல் வடிவமாக இருந்தால் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்து மூன்று இடத்தில் வெல்க்ரோ வையுங்கள். உட்காரும்போதும் பாத்ரூமுக்கும் கழற்றிவிடலாம். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் வேடத்திலும் மெத்தென்ற பக்கம் உடம்பை ஒட்டியும் வர வேண்டும். மாற்றி வைத்தால் தோலைச் சுரண்டும்.

இதே பிளவு இன்னொரு இடத்திலும் காப்பாற்றும். எங்கள் வெங்காயம் ஆட்டோவுக்குள் நுழையவில்லை. ஏற்றி, சாய்த்து, திருப்பிப் பார்த்து, கடைசியில் அதை என் மடியில் வைத்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டு போனோம். சிக்னலில் நின்ற பேருந்திலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்த வேடத்தையும் பிரித்துத் தட்டையாக எடுத்துப்போய் அங்கே மாட்டும்படிதான் செய்கிறேன்.

மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதையும் மறக்க வேண்டாம். தெர்மாகோல், ஸ்பாஞ்ச், கிரேப் பேப்பர் எல்லாம் சட்டென்று பற்றும். எந்தப் பக்கமாக ஏறுவது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று முதலிலேயே காட்டிக்கொடுத்து, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

பேசுவது கேட்கவில்லை

இதை நான் மூன்றாவது வேடத்தில்தான் கண்டுபிடித்தேன். தர்பூசணியின் வயிறு மைக் ஸ்டாண்டில் இடிக்கும். பிள்ளை ஒரு முழம் தள்ளி நின்று “நான்தான் தர்பூசணி” என்று சொல்லும், முதல் வரிசைக்கே கேட்காது. முன்பக்க உப்பலைக் குறைத்துப் பக்கவாட்டில் அகலப்படுத்துங்கள். அது முடியாத நிலையில், கைமைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கைமைக் என்றால் கைத்துளை முழங்கை மடங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தோள் மட்டத்தில் சின்ன வட்டமாக வெட்டினால் கை நீளும், மடங்காது. துளையைக் கீழ்நோக்கி முட்டை வடிவமாக நீட்டிவிடுங்கள்.

போட மாட்டேன் என்று அழுகிறது

முதலில் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின்னின் காலோ, இறுகிய க்ளூ கன் பசையின் முள்ளோ எங்காவது குத்திக்கொண்டிருக்கும். பின் கால்கள் எப்போதும் வெளிப்பக்கம் வர வேண்டும், அவற்றின் மேல் துணி டேப். அடுத்தது புழுக்கம். சார்ட் பேப்பருக்கும் ஃபோமுக்கும் காற்று புகாது. உள்ளே பருத்தி பனியன் மட்டும் போட்டு, மேலிருந்தும் கீழிருந்தும் காற்று போக இடம் விட்டு, முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மாட்டினால் போதும். கிரேப் பேப்பரைத் தோல்படும் இடத்தில் வைக்காதீர்கள். வியர்வையில் சாயம் கரைந்து கழுத்தெல்லாம் பீட்ரூட்டாகிவிடும், சீருடைச் சட்டையில் பட்டால் லேசில் போகாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் அழுதால், பிள்ளைக்கு வேடம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் ஆனது. பாகற்காயாகப் போக மாட்டேன் என்று ஒரே அடம். யாருக்குத்தான் பிடிக்கும்? பச்சையின் மேல் மஞ்சள் கோடுகளை அழித்து, காம்பைத் திருப்பி, பதினைந்து நிமிடத்தில் அதைக் கொய்யாக்காய் ஆக்கினோம். முள்ளுமுள்ளாக இருந்த கொய்யா அது ஒன்றுதான்.

மேடை ஏற ஐந்து நிமிடம், பிய்ந்துவிட்டது

கைப்பையில் இவை மட்டும் இருக்கட்டும்: அகல பிரவுன் டேப், மூடியுள்ள ஊக்கு பத்து, ஒரு கறுப்பு ஸ்கெட்ச், ஊசி நூல், வெல்க்ரோ ஒரு சாண். வார் அறுந்தால் டேப்பை நீளவாக்கில் மூன்றாக மடித்து வாராக்கி, உள்ளிருந்து ஊக்கு போடுங்கள். ஊக்கின் தலை வெளிப்பக்கம். சார்ட் பேப்பர் கிழிந்தால் பின்பக்கத்திலிருந்து டேப் ஒட்டுங்கள். முன்னால் ஒட்டினால் விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும்தான் மின்னும். வெள்ளைப் பசையை எடுக்கவே எடுக்காதீர்கள், காயாது. எதுவும் தோதுப்படவில்லை என்றால், கிழிந்த ஓரத்தைக் கடித்த தடமாக மாற்றிவிடலாம்: மூன்று அரைவட்டமாகக் கையாலேயே கிழித்து, ஓரத்தில் ஸ்கெட்ச்சால் கோடு. தர்பூசணிக்கும் தோசைக்கும் இது பொருந்தும். டம்ளருக்குப் பொருந்தாது.

முடிந்து வீட்டுக்கு வந்தபின் எறும்பு, கரப்பான்

மைதாப் பசையும் ரவையும் போட்ட இடங்களுக்கு அவை வந்தே தீரும். வெல்க்ரோ, எலாஸ்டிக், வார், தொப்பி ஆகியவற்றை வெட்டி எடுத்து ஒரு பையில் போட்டுவைத்துக்கொண்டு, பேப்பர் பகுதியைத் தூக்கிப்போட்டுவிடலாம். தெர்மாகோலையும் ஃபோமையும் போகிக்கு எரிக்கலாம் என்று மூலையில் சேர்த்துவைக்காதீர்கள். கரும்புகையும் நாற்றமும் கண்ணெரிச்சலும்தான் மிஞ்சும். ஸ்பாஞ்ச் வேடம் என்றால் ஒட்டிய சட்னியைப் பிய்த்துவிட்டு, வேப்பிலை போட்டுப் பரணில் வைக்கலாம். எங்கள் வடை இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. போன வாரம் எதிர் வீட்டுப் பெண் வந்து, டோனட் வேடத்துக்கு அதைக் கேட்டாள். மேலே ரோஸ் பெயிண்ட் அடித்தால் போதுமாம்.